கோடாலிக்காரி கூரையில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

எங்கள் மேசையில் என் பெயர் கங்காணி. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவருக்கு இருந்த பெயர் அது. என் அப்பா காலத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஞாயிறு பிற்பகல்களில் உட்காரும் மூன்று பேர் அதைத் தூசு தட்டி எனக்குச் சூட்டிவிட்டார்கள். காரணம் என் கோபம். கோபம் வந்தால் எனக்கு முதலில் வாய் பேசும், பிறகுதான் மூளை எழுந்திருக்கும். அப்படி ஒரு ஞாயிறு நான் சொன்ன ஒரே வாக்கியத்தால் ஐந்து வருடச் சிநேகிதியை இழக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் பக்கம் நியாயம் இருப்பதுபோல் எங்காவது தெரிந்தால் நம்பாதீர்கள்.

நாங்கள் ஆடுவது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மாயாஜால உலகத்தைக் கற்பனையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் உண்டு. வீரனோ, திருடியோ, மந்திரவாதியோ, யாராகவும் இருக்கலாம். அந்த ஆளுக்கு என்ன பலம், என்ன பலவீனம், மூட்டையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். ஆட்டத்தை நடத்தும் கங்காணிக்கு மட்டும் ஆள் கிடையாது, மிச்சமெல்லாம் அவன்தான். காடு அவன், ராஜா அவன், பூதம் அவன், சத்திரத்தில் கஞ்சி ஊற்றும் கிழவியும் அவன்தான். "முன்னால் ஒரு பாலம் இருக்கிறது, பாதி இடிந்திருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று அவன் கேட்பான். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடந்தது. சின்ன எண் விழுந்தால் போச்சு. இதில் ஜெயித்தவர், தோற்றவர் இல்லை. முடிவும் இல்லை. அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவுதான். எங்கள் கதை அப்படி ஐந்து வருடம் ஓடியது.

மூன்று பேர் என்றேன். ஒருவர் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மனுஷன் என்னதான் செய்கிறான் என்று வேவு பார்க்க உட்கார்ந்தவள், மூன்றாவது வாரமே ஓர் அரண்மனைக் கஜானாவைத் துடைத்து எடுத்துவிட்டாள். அவள் ஆள் ஒரு திருடி. அடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் நண்பர். கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் ஒரு தட்டோடு வந்துவிடுவார். அவர் ஆள் மந்திரவாதி, அதுவும் அவசரத்தில் மந்திரத்தை மறந்துபோகும் மந்திரவாதி. மூன்றாவது ஆள்தான் சிகாமட்காரி.

முப்பத்தைந்து வயதிருக்கும். சிகாமட்டில் பிறந்து வளர்ந்து, இப்போது உலு திராமில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. ஐந்தடிகூட உயரமில்லை. பேருந்தில் யாராவது இவள் காலை மிதித்தால் இவள்தான் மன்னிப்புக் கேட்பாள். ஆனால் அவள் ஆளைப் பார்க்க வேண்டுமே! ஆறரை அடி உயரம், தோளில் கோடாலி, குளிக்கும் பழக்கமில்லை, கதவைத் தட்டும் பழக்கமும் இல்லை. உடைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். நாங்கள் எல்லோரும் அவளைக் கோடாலிக்காரி என்றே சொல்வோம். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் கதைக்கு முதுகெலும்பே கோடாலிக்காரிதான்.

ஆட்டத்தைத் தொடங்குமுன் பெரட்டு எடுப்போம். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பதற்குப் பெயர் பெரட்டு. நான் கூப்பிடுவேன், அவரவர் ஆள் போன வாரம் எங்கே நின்றான், எத்தனை காயம் என்று சொல்வார்கள். யாராவது வராவிட்டால் அவர் ஆள் அன்று தோட்டத்து வரிசை வீட்டில், 'லயத்தில் சோறாக்குகிறார்' என்று அர்த்தம். பூதத்தோடு சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மாவீரன் எங்கோ பின்னால் சோறாக்கிக்கொண்டிருப்பான். யாரும் சிரிக்கமாட்டார்கள். எங்கள் வழக்கம் அது.

இந்த ஆட்டம் பிறந்தது அமெரிக்காவில். பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போர் விளையாடிக்கொண்டிருந்த வளர்ந்த மனிதர்கள் நடுவில் பிறந்தது. ஒரு பொம்மை என்றால் இருபது சிப்பாய்கள் என்று கணக்கு வைத்து ஆடியவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒரு யோசனை வந்தது: ஒரு பொம்மைக்கு ஒரே ஒரு மனிதன் என்று வைத்தால் என்ன? அங்கேதான் எல்லாம் மாறியது. இருபது பேரில் ஒருவன் செத்தால் பொம்மையைத் தள்ளி வைக்கலாம். ஒரே ஒருவன் என்றால் அவனுக்கு வீடு எங்கே, அம்மா யார், எதற்குப் பயப்படுவான் என்றெல்லாம் கேட்கத் தோன்றிவிடும். எனக்கு இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் ஆச்சரியமாக இருக்கும். சண்டைக் கணக்குப் போட உட்கார்ந்தவர்கள் கதை சொல்லிகளாக எழுந்து போயிருக்கிறார்கள். அந்த நாட்டுப் பெற்றோர்கள் இதை ஆடினால் பிள்ளைகளுக்குப் பேய் பிடித்துவிடும் என்று நடுங்கினார்களாம். எங்கள் வீட்டில் அந்தப் பயமெல்லாம் இல்லை. பகடையைப் பார்த்ததும் சூதாட்டம் என்று என் அம்மா முடிவுகட்டிவிட்டார், அவ்வளவுதான்.

எனக்கு இது கிடைத்தது பத்தொன்பது வயதில், ஜொகூர் பாருவில் கல்லூரி விடுதியில். ஒரு சக மாணவன் சிங்கப்பூரில் யாரிடமோ வாங்கிய விதிப் புத்தகத்தின் நகலைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு பாலம் தாண்டி வந்தான். நகலுக்கு நகலுக்கு நகல். படங்களெல்லாம் கரிப்பிடித்து, டிராகன் எது, மரம் எது என்று தெரியாது. இருபது முகப் பகடை எங்கே வாங்குவது? ஒன்றிலிருந்து இருபதுவரை காகிதத்தில் எழுதிப் பால்மாவு டின்னில் போட்டுக் குலுக்கினோம். ஆறு முகத்துக்கு ஆறு பட்டைப் பென்சிலை உருட்டினோம். பிற்பாடு படித்தேன், ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே பகடைக்குத் தட்டுப்பாடு வந்து, எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் வைத்து விற்றார்களாம். படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நகலில் சில பக்கங்கள் இல்லை. நகல் எடுத்தவனுக்குச் சோம்பல்போல. எந்தப் பக்கம் இல்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்து, முழுப் புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்கியபோதுதான் தெரிந்தது. ஆட்டத்தை நடத்துகிறவன் தேவைப்பட்டால் பகடை சொல்வதை ஒதுக்கிவிடலாம், மேசையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தான் முக்கியம் என்று எழுதியிருந்த பக்கம் அது. அடக் கடவுளே! அதைப் படிக்காமலே நான் இத்தனை வருடம் பகடையைத் தெய்வ வாக்காக வைத்து எத்தனையோ பேருடைய ஆட்களைச் சாகடித்திருந்தேன். படித்த பிறகாவது திருந்தினேனா? இல்லை. அதற்குள் பகடையை மீறாதவன் என்று பெயரெடுத்துவிட்டேன். மற்ற கங்காணிகள் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டி, நாலு விழுந்தால் பதினாலு என்று சொல்வார்கள். நான் நடுமேசையில், எல்லோர் கண் முன்னால், விழுந்தது விழுந்ததுதான் என்பேன். அதில் எனக்கு ஒரு திமிர்.

கடைக்காரர் ஒருநாள் இணையத்தில் பார்த்துவிட்டு ஓர் அட்டை செய்து கொண்டுவந்தார். வெள்ளை அட்டையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. கதையில் ஏதாவது ஒருவருக்குத் தாங்கமுடியாமல் போனால் அதைத் தொட்டால் போதும், அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. இப்போது பல மேசைகளில் இது வழக்கம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்ம என்ன பாலர் பள்ளியா நடத்துறோம்?" என்றேன். வேலையில் நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கி வேலையை நிறுத்தலாம், நிறுத்தியவனைத் திட்டக்கூடாது என்று தினமும் காலையில் நூறு பேருக்குப் பாடம் எடுக்கிறவன். அதே வாயால்தான் அந்த அட்டையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

இனி சேவல் கதைக்கு வருகிறேன்.

சிகாமட்காரி எப்போதாவது ஆட்டம் முடிந்து கடைக்காரர் கடையில் மீ கோரேங் சாப்பிடும்போது அதைச் சொல்வாள். சிகாமட்டில் ஆறு பெருகினால் வீட்டுக்குள் வந்துவிடும். அது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிய விஷயம். இவளுக்குப் பதினாறு வயதானபோது வந்த வெள்ளம் மட்டும் பழகாத வெள்ளம். பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்பு வீரர்கள், படகோடு வந்தபோது இவள் அப்பா கூரைமேல் உட்கார்ந்திருக்கிறார், கக்கத்தில் சேவல். சேவலையும் ஏற்றினால்தான் வருவேன் என்கிறார். முடியாது என்கிறார்கள். உடனே அப்பா அங்கிருந்து பொம்பாக்காரர்களின் பரம்பரையையே இழுத்து ஏசுகிறார். சிகாமட்காரி அப்பா குரலை அப்படியே எடுப்பாள். "என்னைய மட்டும் ஏத்திட்டுப் போயி என்னா பண்ணப் போற? விடியக்கால எவன்டா கூவுவான், நீயா கூவுவ?" படகு போய்விட்டது. விடிந்து தண்ணீர் வடிய ஆரம்பித்தபோது கூரையில் அப்பாவும் சேவலும் அப்படியே இருந்தார்கள். சேவல் சரியான நேரத்துக்குக் கூவியதாம். அதோடு கதை முடியும். எத்தனை தடவை கேட்டாலும் எங்களுக்குச் சிரிப்பை அடக்கமுடியாது.

போன வருடம் எனக்குக் கோட்டை கொத்தளங்களும் பனிமலைகளும் சலித்துவிட்டன. நம்மில் எவன் பனியைக் கண்டான்? நம் ஊர் மாதிரி ஒரு கதை கட்டவேண்டும் என்று உட்கார்ந்தேன். மழைக்காலம், பழுப்பு நிற ஆறு, ஆற்றங்கரையில் ஒரு கம்பம், அதாவது கிராமம், மலைமேல் ஒரு கோவில். ஆற்றுக்கு அடியில் தூங்கிய நாகம் கோபத்தில் விழித்துவிட்டது, ஊருக்குள் வெள்ளம். குழந்தைகளைப் படகில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே நாகத்தோடு கடைசிச் சண்டை. மூன்று வாரம் உட்கார்ந்து வரைபடம் போட்டேன். நடுவில் கொஞ்சம் சிரிப்பு வேண்டுமே என்று தோன்றியது. உடனே சேவல் கிழவர் நினைவுக்கு வந்தார். சிகாமட்காரிக்கு ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரைத் தூக்கிக் கதைக்குள் போட்டேன். அவள் சந்தோஷப்படுவாள் என்றே நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிறு பெரட்டு எடுத்து, படகில் குழந்தைகளை ஏற்றி, வெள்ளத்தில் விட்டேன். வளைவு திரும்பியதும் ஒரு கூரை. கூரையில் ஒரு கிழவர். நான் குரலை மாற்றி, அவள் எடுப்பாளே அப்படியே, "விடியக்கால எவன்டா கூவுவான்?" என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிகாமட்காரியும் சிரித்தாள். முதலில் சிரித்தாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு அவள் சொன்னாள், "கோடாலிக்காரி போட்ட விட்டு எறங்குறா. கூர மேல ஏறுறா."

"எதுக்கும்மா?"

"அவர கூப்பிட. சேவலயும் ஏத்திக்கிறோம்னு சொல்றா."

"போட்டுல எடமில்ல. பிள்ளைங்களே நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க."

"கோடாலிக்காரி அவ எடத்த குடுத்துர்றா. அவ நீந்தி வருவா."

நல்ல யோசனைதான். ஆனால் கிழவர் பிடிவாதக்காரர் ஆயிற்றே. பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் இறங்குவார் என்றேன். உருட்டினாள். நாலு. கிழவர் சேவலை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார் என்று சொல்லிச் சிரிப்புக் காட்டினேன்.

"அப்ப கோடாலிக்காரி இங்கயே இருக்கா," என்றாள். "போட்ட அனுப்பிருங்க."

எனக்குப் பொசுக்கென்று கோபம் ஏறியது. மலைமேல் நாகம் காத்திருக்கிறது, கோடாலிக்காரி இல்லாமல் அந்தச் சண்டையே இல்லை, என் மூன்று வார உழைப்பு இந்தக் கூரையோடு முடியப் பார்க்கிறது. பொறுமையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். தண்ணீர் ஏறும், கூரை முழுகும், தாக்குப்பிடிக்க மூன்று தடவை உருட்டவேண்டும், ஒன்று தவறினாலும் ஆள் காலி. அவள் சரி என்றாள். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"இது சும்மா சிரிப்புக்கு வெச்ச கெழவன்மா. வுட்டுட்டு வா, வேலயப் பாப்போம்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "ஒங்களுக்குச் சிரிப்பு, கங்காணி. கோடாலிக்காரிக்கு அப்படி இல்ல," என்றாள்.

மனைவியும் கடைக்காரரும் படகில் கிளம்பினார்கள். முதல் உருட்டலுக்குப் பதினாலு விழுந்தது. பத்து போதும். இரண்டாவதில் பதினொன்று. மூன்றாவதற்கு முன்னால், "கெழவரயும் சேவலயும் தூக்கிப் பக்கத்து மரக்கெளையில ஒக்கார வைக்கிறா. அப்புறந்தான் உருட்டுவேன்," என்றாள். கிளை ஒருவரைத்தான் தாங்கும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உருட்டினாள். பகடை ஓடிப்போய்க் கறிபாப் தட்டில் மோதி, பாதி சாய்ந்து நின்றது.

"அது நேரா நிக்கல! கணக்கில்ல. மறுபடி உருட்டச் சொல்லுங்க," என்றாள் என் மனைவி. கண்ணாலும் ஜாடை காட்டினாள். கடைக்காரரும், "ஆமா லா கங்காணி, தட்டு என்னுது, தப்பு என் மேல," என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். ஏழு. "விழுந்தது விழுந்ததுதான்," என்றேன்.

கோடாலிக்காரி செத்துப்போனாள்.   சிகாமட்காரி மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்: "கெழவரு காலு தண்ணியில பட்டுச்சா?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. என்ன கேள்வி இது? "படல, மரத்து மேல இருக்காரு. விடிஞ்சி தண்ணி வடியிற வரைக்கும் அங்கயே இருந்தாரு. பொழச்சிக்கிட்டாரு," என்றேன், எரிச்சலோடு. அவள் கோடாலிக்காரியின் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வரேன்கா, வரேன்ணே," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வந்த மனைவி என் முன்னால் வந்து நின்றாள். "அந்தப் பொண்ணு ஹெல்மெட்ட போட்டுக்கிட்டு அழுவுது. ஒங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லயா?"

"ஆளு செத்தா எல்லாருக்கும்தான் கஷ்டமா இருக்கும்."

"ஆளு செத்ததுக்கு அழுவல. ஒங்களுக்கு அது தெரியல பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரமா வருது."

அடுத்த ஞாயிறு சிகாமட்காரி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. செய்தி அனுப்பினேன், பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. லயத்தில் சோறாக்குகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சோறாக்கத்தான் ஆளே இல்லையே. கடைக்காரர் வருவார், கறிபாப்பை வைப்பார், மூன்று பேரும் தின்றுவிட்டு எழுந்துவிடுவோம். எனக்குச் சொந்தமாகத் தங்கை கிடையாது. அந்த இரண்டு வாரத்தில்தான் எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதே உறைத்தது. என் திமிர்தான் அவளை விரட்டிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு உட்கார்ந்து ஒரு புதுத் தாளில் கோடாலிக்காரியைப் பழையபடி எழுதினேன். பலம், காயங்கள், மூட்டையில் இருந்த கயிறு வரைக்கும் எல்லாம் எனக்கு மனப்பாடம். அன்றைய ஆட்டம் நடக்கவே இல்லை, செல்லாது என்று அறிவித்துவிடுவது என்று முடிவுசெய்தேன். முப்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூடச் செய்யாத காரியம். மனைவியையும் கூட்டிக்கொண்டு உலு திராமுக்குப் போனேன். "நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்கதான் பேசணும்," என்று காரிலேயே சொல்லிவிட்டாள்.

சிகாமட்காரியின் அம்மா கோவிலுக்குப் போயிருந்தார். இவள் எங்களைப் பார்த்ததும் பதறி, நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபடி திரும்பி வந்தாள். தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். நான் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "தப்பு பண்ணிட்டேன்மா. ஒன் அப்பாவ ஒன்னயக் கேக்காம எடுத்துட்டேன். அன்னிக்கி ஆடினது செல்லாது. கோடாலிக்காரி சாகல. அந்தப் போட்டுல ஏறிட்டா, எல்லாரோடயும் மலைக்குப் போயிட்டான்னு வெச்சிக்குவோம்," என்றேன்.

அவள் தாளைத் தொடவே இல்லை.

"அப்பா வெள்ளத்துல சாகலண்ணே," என்றாள். "சேவல் கதையெல்லாம் நெசந்தான். விடிஞ்சி நல்லாத்தான் இருந்தாரு. ஆனா கூரையில சும்மா ஒக்காந்திருக்கல. ராவெல்லாம் எறங்கி எறங்கி, இடுப்பளவு தண்ணியில நடந்து, சாமான மேல ஏத்தியிருக்காரு. காலுல வெட்டுக்காயம் வேற. வெள்ளத் தண்ணியில எலி மூத்திரம் கலந்திருக்கும்ல. காய்ச்ச வந்துச்சி, கண்ணு மஞ்சளாச்சி. ரெண்டு வாரந்தான், போயிட்டாரு."

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தே ஓவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவரின் கால் தண்ணீரில் பட்டதா என்று அன்று அவள் ஏன் கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு நான் எரிந்து விழுந்ததும் நினைவுக்கு வந்து, எழுந்து எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

"போட்டு வந்தப்ப என்னையக் கூப்ட்டாரு," என்றாள். "அம்மா போவட்டும், நீ இரும்மா, ரெண்டு பேரா இருந்தா சாமான சீக்கிரம் ஏத்திரலாம்னாரு. எனக்குப் பயம். ஏறிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. அதான் நான் எப்பவும் சேவல் கூவுறதோட கதைய நிறுத்திருவேன். அது வரைக்கும் அவரு நல்லா இருக்காரு, எல்லாரும் சிரிக்கிறாங்க."

"பதினாறு வயசு பிள்ளம்மா நீ," என்றேன். 

"தெரியும்ணே. எல்லாரும் அதத்தான் சொல்வாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க மேல கோவமில்ல. மொத நாளு இருந்துச்சி. ரொம்பவே இருந்துச்சி. அந்தச் செவப்பு அட்ட மட்டும் மேசையில இருந்திருந்தா அப்பவே தொட்டிருப்பேன். அத இனிமே வைங்க. எனக்கில்லாட்டியும் மத்தவங்களுக்கு வேணும். ஆனா அன்னிக்கி இல்லாததால நான் கூரையில ஏறிட்டேன்."

புதுத் தாளை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"இத எடுத்துட்டுப் போயிருங்கண்ணே. அவள மறுபடியும் போட்டுல ஏத்தாதீங்க. நான் ஒரு தடவதான் எறங்கியிருக்கேன். இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ. அது செல்லாதுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

நான் தாளை எடுத்து மடித்தேன்.  அடுத்த ஞாயிறு வருகிறேன், புதிதாக ஒரு ஆளை எழுதவேண்டும், அக்கா உதவி செய்யவேண்டும் என்றாள். என் மனைவி வாயைத் திறக்கமாட்டேன் என்றதை மறந்து, திருடியாகவே எழுது, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஊரையே காலி செய்யலாம் என்றாள். மூவரும் சிரித்தோம். நாங்கள் செருப்பைப் போடும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

"கங்காணி," என்றாள். மேசைக்கு வெளியே நான் அவளுக்கு அண்ணன்தான். வெளியில் என்னைக் கங்காணி என்று அவள் கூப்பிட்டதே இல்லை.

"என்னம்மா?"

"அந்தக் கெழவரு இன்னும் அந்தக் கம்பத்துலதான இருக்காரு?"

"அங்கதான் இருக்காரு."

"ஒடம்புக்கு ஒன்னும் வரலயே?"

மேசையில் யார் இப்படிக் கேட்டாலும் நான் பகடையைத்தான் கையில் எடுப்பேன். நோய் வருமா, தப்புமா, எல்லாம் அது சொல்லவேண்டியது.

"ஒன்னும் வரலம்மா," என்றேன். "ஊரயே ஏசிக்கிட்டு நல்லா இருக்காரு."